பன்னிரண்டாவது குப்பிப்பூ

ஏழாவது குழியைப் பார்த்ததும் சர்வேயர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குழி பெரிதில்லை. ஒரு சோற்றுச்சட்டி அளவு. மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்தில் அவர் நட்ட வெள்ளைக் கல் நின்றது. கல்லில் அவர் எழுதிய 7 அழியாமல் இருந்தது. தோண்டியவன் கல்லை அசைக்கக்கூட இல்லை. கல்லுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த குப்பிப்பூக் கொடியைத்தான் கிழங்கோடு எடுத்துப் போயிருந்தான்.

எழுந்து எட்டாவதுக்குப் போனார். குழி. ஒன்பதாவதுக்கு ஓடினார். குழி. பத்து, பதினொன்று, அதுவும் குழி. கல் மட்டும் எல்லா இடத்திலும் பத்திரமாக இருந்தது.

பன்னிரண்டாவது சரிவின் அந்தப் பக்கம் தனியாக இருந்தது. போகும்போது மூச்சு வாங்கியது. சாமியைக் கும்பிட்டாரா என்றால், கும்பிட்டார்.

கல் இருந்தது. கொடியும் இருந்தது. ஊதா வரி போட்ட ஒரே ஒரு பூ, சின்னக் குப்பியை நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது. ஒரு ஈ அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

ஏன் இது மட்டும் தப்பியது என்று அவருக்குப் புரியவில்லை. சந்தோஷப்படவும் வரவில்லை.

அவருடைய பெயர் சிவனணைஞ்ச பெருமாள். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நில அளவையில் இருபத்தெட்டு வருஷம் சர்வேயர். தென்காசிப் பக்கம் எத்தனையோ வயல்களின் மூலைக்கல் அவர் நட்டது. ஐம்பத்து மூன்று வயதில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஓணான்பாறை மலைக்கு வந்தார். ஜெபசெல்வி டீச்சர் முன்னால் நின்று, "எனக்கு அளக்கத் தெரியும். எதை அளக்கணும்னு தெரியலை. என்னைச் சேத்துக்கிடுங்க" என்றார்.

டீச்சருக்கு வயது முப்பத்தாறு. கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். அதை விட்டுவிட்டு, அழிந்துகொண்டிருக்கும் செடிகள் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். தேயிலை மூட்டை அடுக்கிய பழைய எஸ்டேட் கிட்டங்கி ஒன்றுதான் ஆய்வு நிலையம். ஊர்க்காரர்கள் அதைச் செடி ஆபீஸ் என்பார்கள். சர்வேயருக்கு முன்னால் மூன்று பேர் டீச்சரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். கேட்ட கேள்விக்கு டீச்சர் நேராகப் பதில் சொன்னதே கிடையாது. அதுதான் காரணம்.

சர்வேயர் ஓடவில்லை. அதற்காக, எல்லாம் புரிந்துதான் இருந்தார் என்று சொல்ல முடியாது.

அன்று மதியம் அவர் செடி ஆபீஸுக்குள் நுழைந்தபோது, டீச்சர் காய்ந்த இலை ஒன்றைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பதினொண்ணு போச்சு."

டீச்சரின் கை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தாரா, கண்ணைத் துடைத்தாரா என்று சர்வேயருக்குத் தெரியவில்லை.

சமையல் பார்க்கும் உலகம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு வந்தாவ. நல்ல ஷூ. முதுகுல பை. செல்லைப் பாத்துக்கிட்டே மேல ஏறிப் போனாவ. இந்த மலைக்கு வந்து என்கிட்ட வழி கேக்காமப் போன மொத ஆளுவ அவியதான். அப்பமே நெனச்சேன்."

"நெனச்சா சொல்ல வேண்டியதுதான?" சர்வேயர் கத்தினார்.

"வழி தெரிஞ்சு போறவனை என்னன்னு சொல்லித் தடுக்க? நீங்கதான அண்ணாச்சி வெள்ளை அடிச்சு, நம்பர் போட்டு, கல்லு நட்டு வச்சிருந்தீய. வெத்திலைபாக்கு ஒண்ணுதான் வைக்கலை."

உண்மைதான். செடியைக் கண்டுபிடித்தால் பக்கத்தில் கல் நட வேண்டும் என்று யாரும் சர்வேயருக்குச் சொல்லவில்லை. ஆனால் கல் நடாமல் ஒரு இடத்தைவிட்டு எழுந்து வர அவருக்குக் கால் வராது. வயலில் பழகிய கை.

"கல்லு சரி. இந்தச் சரிவுக்கு அவன் எப்படி வந்தான்? அது எப்படித் தெரியும் அவனுக்கு?"

டீச்சர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

செடி ஆர்வலர்களும், அரிய செடிகளை விலைக்கு வாங்குகிறவர்களும் கூடும் ஒரு இணையதளம். அதில் சர்வேயர் ஏற்றிய வரைபடம். போன மாதம் ஏற்றினார். டீச்சரைக் கேட்டு ஏற்றவில்லை, பெருமையில் ஏற்றினார். ஒவ்வொரு குப்பிப்பூவுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை, இரண்டும் ஆறு தசமம் வரைக்கும். ஆறு தசமம் என்றால் அரைச் சாண்கூடத் தப்பாது. 'இவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததே இல்லை' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். சர்வேயர் அதை உலகம்மாளுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டியிருந்தார்.

அறுபத்து மூன்று பேர் அந்தப் படத்தை இறக்கி எடுத்திருந்தார்கள்.

"நான் காப்பாத்தத்தான போட்டேன்?" என்றார் சர்வேயர். குரல் கீழே போயிருந்தது. "எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான காப்பாத்த முடியும்? நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப பன்னிரண்டாவது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

டீச்சர் படத்தைச் சுருக்கினார். ஓணான்பாறைச் சரிவில் பதினொரு புள்ளிதான் இருந்தது. மலை சின்னதாகிக்கொண்டே போனது. தென்காசி மறைந்தது. தமிழ்நாடு கட்டைவிரல் அளவுக்கு வந்தது. கடைசியில் உலகம் முழுதும் தெரிந்தது. உச்சியில், வடதுருவத்துப் பனிக்கடலில், ஒரு சிவப்புப் புள்ளி தனியாக மிதந்தது.

"அட்சரேகைக் கட்டத்துல தீர்க்கரேகையைப் போட்டிருக்கீங்க அண்ணாச்சி. அதுல இதை. மாத்தி."

சர்வேயருக்கு முகம் வெளுத்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றி நட்டதில்லை. செடி செத்த துக்கத்தைவிட ஒரு நிமிஷம் இந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல வேண்டாம்.

"இப்பமே சரி பண்ணிடுதேன்." கை மவுஸைத் தேடிப் போனது.

டீச்சர் மவுஸை நகர்த்தி வைத்தார்.

"சரியாப் போட்டது பதினொண்ணு. தப்பாப் போட்டது ஒண்ணு. எது மிச்சம்?"

"அப்ப தப்பா அளக்கணும்னு சொல்லுதியளா?"

"கல்லை எடுத்துட்டு வாங்க."

இதுதான் பதில். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்ய?

முதலில் சர்வேயர் அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கினார். வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். மறுநாள் சர்வேயர் சாக்கோடு மேலே ஏறி, பதினொரு கல்லையும் பிடுங்கிச் சுமந்து வந்தார். தோள் வலித்தது.

டீச்சர் சாக்குக்குள் பார்த்தார். "பன்னிரண்டாவது?"

"அதுக்குப் பக்கத்துல செடி இருக்கே டீச்சர்."

"அதனாலதான் கேக்கிறேன்."

திரும்ப ஏறிப் போய் அதையும் பிடுங்கி வந்தார். கல் இருந்த பள்ளத்தை மூடி, மேலே புல்லைப் பரப்பிவிட்டு வந்தார். உலகம்மாள் மூன்று கல்லை எடுத்து வெளி அடுப்புக்குப் போட்டுக்கொண்டார். "இப்பந்தான் அண்ணாச்சி கல்லுக்கு ஒரு வேலை வந்துருக்கு" என்றார். எரிக்க எரிக்க எண்கள் கருத்துப்போயின.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ரோடு போடுகிற ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

மலை உச்சியில் செல்போன் கோபுரம் வரப்போகிறது. அதற்கு ரோடு போட வேண்டும். பழைய எஸ்டேட் ஜீப் தடம் ஒன்று இருக்கிறது, ஆனால் சுற்று. மூன்று கிலோமீட்டர் அதிகம். ஓணான்பாறைச் சரிவில் ஏறினால் குறுக்கு. அந்தச் சரிவில் காக்க வேண்டிய செடி ஏதாவது இருந்தால், எங்கே என்று வரைபடத்தில் குறித்து வியாழக்கிழமைக்குள் தர வேண்டும். குறிப்பு இல்லாத இடத்தில் வேலை தொடங்கப்படும். இவ்வளவுதான் கடிதம்.

சர்வேயர் அதை நாலு தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் தலை கூடக் கொஞ்சம் சுற்றியது.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் விளங்கலை. இடத்தைக் காட்டினா தோண்டுறவன் வாரான். காட்டலைன்னா ரோடு வருது. ரெண்டுல எதைச் செய்தாலும் அது சாகும். நான் என்னதான் செய்ய?"

"வரைபடத்தை விரிங்க."

காகிதத்தில் அச்சடித்த பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்தார். சரிவு, ஓடை, பாறை, எல்லாம் அவர் கையால் அளந்தவை.

"எங்கே இருக்கு?"

சர்வேயர் பென்சிலைக் கூராகச் சீவினார். ஊசிமுனை மாதிரி ஆனதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி வைத்தார். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

டீச்சர் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தார். பிறகு டீயைக் கையில் எடுத்தார். எவர்சில்வர் டம்ளர். டம்ளரின் அடியில் சிந்திய டீ ஒட்டியிருந்தது. அதை அப்படியே வரைபடத்தின் மேல் வைத்தார். எடுத்தார். பழுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. பாதிச் சரிவு அதற்குள் இருந்தது.

"இங்கே இருக்கு" என்றார்.

சர்வேயர் பதறிப்போய்த் துண்டால் ஒற்றி எடுக்கப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. அப்புறம் சர்வேயர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வளையத்தை அளந்தார். வேறென்ன செய்வார்? அதுதானே தெரியும்.

"ஆறு சென்டிமீட்டர். நிலத்துல தொள்ளாயிரம் மீட்டர் டீச்சர்!"

"டம்ளர் சின்னதாப் போச்சோ?"

"தொள்ளாயிரம் மீட்டர் தப்பு! நான் ஒரு அடி தள்ளிக் கல்லு நட்டாலே வேலை போயிருக்கும்."

"வளையத்துக்குள்ள செடி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப எதுல தப்பு?"

சர்வேயர் மறுபடி பார்த்தார். "நடுவுலகூட இல்லையே. ஒரு ஓரமா இருக்கு."

"நடுவுல இருந்தா நடுவுல போய்த் தோண்டுவான்."

சொல்லிவிட்டு டீச்சர் டீயைக் குடித்தார். சர்வேயரின் டீ ஆறிப் போயிருந்தது.

அன்று பொழுது சாயும்வரை சர்வேயர் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புதுத் தாளில் காம்பஸ் வைத்து அதே இடத்தில் அதே அளவு வட்டம் ஒன்றைச் சுத்தமாகப் போட்டார். 'இதற்குள்' என்று மட்டும் எழுதினார். எழுதும்போது ஏதோ கள்ளக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை ரோடு வேலையின் ஜூனியர் இன்ஜினியர் வந்தார். உதுமான் மைதீன் என்று பெயர். மலையேறி வந்த களைப்பில் முதலில் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். நல்ல மனுஷன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் சர்வேயருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வரைபடத்தைப் பார்த்து அவர் சிரித்தார்.

"என்ன சார் இது? செடி எங்கேன்னு கேட்டா மலையைக் காட்டுறீங்க?"

"இதுக்குள்ள இருக்கு."

"இதுக்குள்ள எங்கே?"

டீச்சர் அந்த நேரம் பார்த்து எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். சர்வேயர் தனியாக மாட்டிக்கொண்டார்.

"சார், நீங்களும் அளக்கிற ஆளு, நானும் அளக்கிற ஆளு" என்றார் உதுமான் மைதீன். "ஒரு இடம் சொல்லுங்க. அதைச் சுத்திப் பத்து மீட்டர் விட்டுடறேன். இருபதுகூட விடறேன். வேலி போட்டுத் தரச் சொல்றேன். மத்த இடத்துல ரோட்டைக் கொண்டுபோறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இந்த வட்டத்தை நான் மேல எப்படிக் கொண்டுபோய்க் காட்ட?"

சர்வேயருக்கு எண் நாக்கு நுனியில் நின்றது. ஆறு தசமமும் மனப்பாடம். சொல்லிவிட்டால் நிம்மதி. துல்லியமாகக் கேட்கிறார், துல்லியமாகச் சொல்வதுதானே மரியாதை? அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். டீச்சர் உலகம்மாளோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"தெரியாது" என்றார் சர்வேயர்.

வாழ்க்கையிலேயே ஒரு இடத்தைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

"தெரியாமலா வட்டம் போட்டீங்க?"

"வட்டத்துக்குள்ள இருக்குன்னு தெரியும்."

உதுமான் மைதீனுக்கு முகம் வாடிவிட்டது. "நான் என்ன சார், திருடவா போறேன்?"

"நீங்க போக மாட்டீங்க தம்பி. உங்க பேப்பர் போகும்."

பேப்பர் எங்கெல்லாம் போகும் என்று உதுமான் மைதீனுக்கும் தெரியும்போல. "ஒரு செடிக்காக இத்தனை பெரிய வட்டமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணுதான் கண்ணுல பட்டுது. மண்ணுக்குள்ள எத்தனை கிழங்கு தூங்குதுன்னு யார் பாத்தா?"

அதைச் சொன்னது தானா என்று சர்வேயருக்கே சந்தேகமாக இருந்தது.

உதுமான் மைதீன் வட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மேலதிகாரிகளிடம் என்ன பேசினாரோ, இரண்டு மாதம் கழித்து ரோடு பழைய ஜீப் தடத்திலேயே போகும் என்று உத்தரவு வந்தது. வட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மூன்று கிலோமீட்டர் சுற்றுவது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கலாம்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சர்வேயருக்குச் சோறு இறங்கவில்லை.

"டீச்சர், இன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"எங்க இருக்குன்னு தெரியாதுன்னு."

"தெரியுமா?"

"ஆறு தசமம் வரைக்கும் தெரியும்."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"கல்லைப் பிடுங்கப் போனப்ப."

"இப்ப இருக்கா?"

சர்வேயர் சரிவு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. இருக்கான்னு வந்து எனக்குச் சொல்லுங்க."

இது அவருக்குப் பிடித்திருந்தது. புரிகிற மாதிரி டீச்சர் கொடுத்த முதல் வேலை இது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓணான்பாறை அடிவாரத்திலிருந்து செடி வரைக்கும் நேராக நடப்பார். நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்து நடந்த கால், இடமும் போகாது, வலமும் போகாது. போய்க் குனிந்து பார்ப்பார். திரும்பி வருவார்.

"இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

டீச்சர் நோட்டில் தேதி போட்டு 'இருக்கு' என்று எழுதுவார்.

தை மாதம் கொடி வாடியது. மாசியில் காய்ந்து காற்றோடு போய்விட்டது. பிறகு வெறும் மண்தான். மண்ணுக்குள் கிழங்கு. அப்போதும் ஒரு வாரம் தவறவில்லை. மண் கலையவில்லை என்றால் இருக்கிறது என்று அர்த்தம். பங்குனி வெயிலில் போனார், சித்திரை வெயிலில் போனார். "ஒம்பது புள்ளை பெத்தவகூட இம்புட்டு எட்டிப் பாக்க மாட்டா" என்று உலகம்மாள் சிரித்தார். சிரிக்கட்டும். பதினொன்றைக் கொன்றவருக்குத்தான் பன்னிரண்டாவதன் அருமை தெரியும்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஆடியில் மண்ணைக் கீறிக்கொண்டு நூல் மாதிரி ஒரு தளிர் வந்தது. அன்று அவர் இறங்கி ஓடியே வந்தார். "வந்துட்டு டீச்சர், வந்துட்டு!" டீச்சர் 'இருக்கு' என்று எழுதினார்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை. போன வாரமே மொட்டு கட்டியிருந்தது. இன்று விரிந்திருக்கும். சர்வேயர் சவரம் செய்துகொண்டு கிளம்பினார்.

ஓடையில் வெள்ளம். வழக்கமான வழியில் போக முடியாது. அதனால் முதல் தடவையாகச் சுற்றிக்கொண்டு, ஓணான்பாறைக்கு மேல் ஏறி, அங்கிருந்து சரிவைப் பார்த்தார்.

மழையில் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சரிவு முழுதும் ஒரே பச்சை. ஆடு போன தடங்கள் அங்கங்கே வளைந்து வளைந்து கலைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக, மண் நிறத்தில், அடிவாரத்தில் தொடங்கிப் புல்லைப் பிளந்துகொண்டு போய் ஒரு இடத்தில் சட்டென்று நின்றது.

அவர் வாழ்நாளில் போட்ட கோடுகளிலேயே அதுதான் சுத்தமான கோடு.

செல் வேண்டாம். வரைபடம் வேண்டாம். வெள்ளைக் கல் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

பூ விரிந்திருக்கும். இருநூறு அடி இறங்கினால் பார்த்துவிடலாம். ஏற்கெனவே யாராவது வந்து பார்த்திருந்தால்? போய்ப் பார்த்தால்தானே தெரியும். போனால் கோடு இன்னும் ஆழமாகும். போகாவிட்டால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காலைத் தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கினார். கடைசியில் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். சாரல் நின்று வெயில் வந்து, மறுபடி சாரல் பிடித்தது. அதற்கப்புறம் எழுந்து வந்த வழியே திரும்பினார்.

டீச்சர் நோட்டைத் திறந்து தேதி போட்டிருந்தார்.

"இருக்கா?"

"போகலை டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் காலே கோடு போட்டு வச்சிருக்கு. மேல நின்னு பாத்தேன். கல்லு நட்டதைவிட மோசம்." அவருக்குப் பேச்சு தடுமாறியது. "நான் போகவா, வேண்டாமா? ஒரே ஒரு தடவை நேராச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"அதைத்தான் இப்பவும் சொல்றேன்."

நேரான பதில்தான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சர்வேயருக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பியது. டீச்சர் அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. நோட்டை மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். சர்வேயர் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடைக்கரை வரை போனார். வெள்ளம் வடிந்திருந்தது, தாண்டிவிடலாம். கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்றார். கை கழுவினார். திரும்பி வந்தார்.

"இருக்கா?"

"போகலை டீச்சர்."

"சரி."

அதற்கடுத்த வாரமும் இதே. அதற்கடுத்த வாரமும். நோட்டில் தேதிகள் மட்டும் வரிசையாக இறங்கின. பக்கத்தில் வெற்றிடம். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குத் திட்டப்போகிறார் என்று சர்வேயர் பயந்தார். திட்டவில்லை. நல்லது செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. செய்வது சரியா, தப்பா என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் மனசு கேட்காமல் ஓணான்பாறைக்கு மேல் மட்டும் ஏறிப் பார்த்தார். சரிவு முழுதும் புல். காற்று அடிக்க அடிக்க ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தது. ஆட்டுத் தடங்கள் இருந்தன. கோட்டைத் தேடினார். அது எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று அவருக்கே சொல்ல முடியவில்லை.

இறங்கி வந்து டீச்சரிடம் அதைச் சொன்னார்.

டீச்சர் தேதி போட்டார். பேனாவை மூடினார்.

"அடுத்த வாரமும் போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"சரி டீச்சர்" என்றார் சர்வேயர்.

போகவில்லை.